பெயர் ஒன்று, ஆள் இரண்டு

நம்ம பிள்ளைகள் பலர் இன்று கற்பிட்டி, புத்தளம் பக்கத்து ஹோட்டல்களிலும் கந்தோர்களிலும் கம்பியூட்டர் முன்னால் வேலை பார்க்கிறார்கள். கடிதம் அனுப்ப 1997 இல் வந்த அவுட்லுக்கைத்தான் பல இடங்களில் பாவிக்கிறார்கள். இரண்டு எழுத்துத் தட்டினாலே அது ஒரு பெயரை நீட்டும். வசதிதான். ஆனால் அது முன்பு நாம் எழுதிய வேறு ஆளாகவும் இருக்கலாம்!

செக்ரோலில் இரண்டு லட்சுமி இருந்தால் கணக்கப்பிள்ளை என்ன செய்வார்? நம்பரைப் பார்ப்பார். அப்படித்தான் இதுவும். "டூ" பட்டனை அழுத்தினால் முகவரிப் புத்தகம் திறக்கும். கந்தோர்ப் பட்டியலில் பதவியும் ஊரும் பதிந்திருந்தால் பெயருக்குப் பக்கத்தில் தெரியும். கற்பிட்டி நஸீரா, புத்தளம் நஸீரா என்று பார்த்தே தெரிவு செய்யச் சொல்லுங்கள். ஒருவரின் சம்பளக் கணக்கோ மருந்துச் சீட்டோ வெளியாருக்குப் போய்விட்டால் திருப்பி எடுக்க முடியாது.

குழுப் பெயர் இன்னும் ஆபத்து. ஒரு பெயர்தானே என்று அனுப்பினால் நூறு பேருக்குப் போகும். பக்கத்திலுள்ள கூட்டல் குறியை அழுத்தினால் உள்ளே இருப்பவர்கள் வரிசையாகத் தெரிவார்கள். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியக்கூடாதென்றால் "பீ.சி.சி." கட்டத்தில் போட வேண்டும்.