முகிலும் கந்தோர்க் கணினியும்

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, மாவட்டத்தின் வட எல்லையை அண்மித்து அமைந்துள்ள ஊர் வெள்ளாங்குளம். துணுக்காய், மல்லாவிப் பக்கம் செல்லும் தெருவும் அங்கேதான் பிரிகின்றது. வயலும் குளமும் காடும் சூழ்ந்த இவ்வூரிலே முகில் என்ற சொல்லைக் கேட்டால், கார்த்திகை மாதத்து மழையைத்தான் எவரும் எண்ணுவர். ஆயின் நேயர்களே, இன்று நாம் ஆராயப் புகும் முகில் மழை பொழிவதன்று. கந்தோர்களிலும் வங்கிகளிலும் பாடசாலைகளிலும் உள்ள கணினிகளைத் தொலைவிலிருந்தே ஆயத்தஞ் செய்து, ஒழுங்குபடுத்தி, காவலும் புரிகின்ற ஒரு முறை இப்பொழுது உலகெங்கும் பரவி வருகின்றது. அம்முறை முகில் வழியாக நடைபெறுகின்றது என்பர்.

இப்பெயர் சற்றே மயக்கந் தருவது. வலையமைப்புக்களைப் படமாக வரையும் பொறியியலாளர், அவற்றின் உட்பகுதியை விரித்துக் காட்ட வேண்டாத இடத்தில் ஒரு முகிலின் வடிவத்தை வரைந்துவிடுவது வழக்கம். அவ்வழக்கமே பெயராய் நிலைத்துவிட்டது. உண்மையில் இம்முகில் நிலத்தின் மீதுதான் இருக்கின்றது. குளிரூட்டப்பட்ட பெருங் கட்டடங்களிலே அடுக்கடுக்காக நிறுத்தப்பட்டுள்ள ஆயிரக்கணக்கான கணினிகளே அது. அவற்றை உடைய நிறுவனம், அவற்றின் ஆற்றலை இணையத்தின் மூலம் பிறர்க்கு வாடகைக்கு விடுகின்றது. பிறருடைய கணினி என்று சொல்லியிருந்தாற் பொருள் எளிதாக விளங்கியிருக்கும்.

வெள்ளாங்குளத்திலே ஒரு கந்தோருக்குப் புதிய கணினிகள் ஆறு வந்து இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். பழைய முறைப்படி, அவை வந்த அன்றே வேலைக்கு உதவமாட்டா. மன்னாரிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ ஒரு தொழினுட்ப உத்தியோகத்தர் வர வேண்டும். அவர் ஒவ்வொரு கணினியின் முன்னும் அமர்ந்து, பணிசெயல் முறைமையைச் சரிபார்த்து, வேண்டிய மென்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பதித்து, அச்சுப்பொறியை இணைத்து, கடவுச்சொற்களை அமைத்து எழும்போது பொழுது சாய்ந்துவிடும். ஆறு கணினிக்கு இரண்டு நாள் என்றாலும் வியப்பில்லை. அவர் திரும்பிச் சென்ற மறுநாளே ஒன்று முரண்டு பிடித்தால், அதைப் பெட்டியிற் கட்டிப் பேருந்தில் ஏற்றி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

நகரத்துப் பெருங் கந்தோர்கள் இத்தொல்லையிலிருந்து முன்னரே தப்பிவிட்டன. 2000 ஆம் ஆண்டு தொடக்கம் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஏற்பாட்டின்படி, கட்டடத்தினுள்ளே ஒரு சேவையகத்தை நிறுவி, அங்கிருந்தே அக்கட்டடத்துக் கணினிகள் அனைத்துக்கும் கட்டளையிடுவது வழக்கமாயிற்று. நானூறு கணினி உள்ள இடத்துக்கு அது பொருந்தும். ஆறு கணினிக்காக ஒரு சேவையகமும், அதைக் காக்க ஓர் ஆளும், ஒரு குளிரறையும் வைத்தல் யாருக்குக் கட்டும்? முகில் வழி முகாமை சிறிய கந்தோருக்கு எட்டியதன் காரணம் இதுதான். கட்டடத்துள் இருந்த சேவையகம் வெளியே போய்விட்டது. 2011 இல் இன்ரியூன் என்னும் சேவையும், 2017 இல் ஓட்டோபைலட் என்னும் ஏற்பாடும் மைக்ரோசொப்டினால் வழங்கப்பட்டன. அப்பிள், கூகிள் ஆகிய நிறுவனங்களும் தத்தம் கருவிகளுக்கு இத்தகைய முறைகளை வைத்திருக்கின்றன.

இது நடைபெறும் விதம் சுவையானது. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு தொடர் இலக்கமும், அதன் உறுப்புக்களிலிருந்து கணிக்கப்படும் ஓர் அடையாளக் குறியும் உண்டு; மனிதனுக்குக் கைரேகை போல என்க. கணினியை விற்பவர், அக்குறியை வாங்கும் நிறுவனத்தின் பெயரில் முகிலிலே பதிந்துவிடுகின்றார். பெட்டி திறவாமலே ஊருக்கு வந்து சேருகின்றது. எழுதுவினைஞர் அதைத் திறந்து, மின்னிணைப்பைக் கொடுத்து, இணையத்தோடு தொடுக்கின்றார். உடனே அக்கணினி தொலைவிலுள்ள பதிவேட்டிடம், "நான் யாருடையவன்?" என்று வினவுகின்றது. இன்ன நிறுவனத்தினுடையது என்ற விடை வந்ததும், திரையிலே அந்நிறுவனத்தின் பெயர் தோன்றுகின்றது. எழுதுவினைஞர் தமது உத்தியோக மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் இட்டு, கைத்தொலைபேசியில் வரும் இரண்டாவது சான்றையும் காட்டுகின்றார். அதன் பின்னர் அவர் தேநீர் அருந்தப் போகலாம். அவருடைய பதவிக்கு உரிய மென்பொருள்களும் தடைகளும் உரிமைகளும் தாமாகவே வந்து அமைகின்றன. கணக்குப் பகுதியினருக்கு ஒரு தொகுதி, பதிவுப் பகுதியினருக்கு வேறொரு தொகுதி என முன்னரே எழுதி வைத்த ஒழுங்கின்படி யாவும் நிகழும். இணைப்பு விரைவாக இருந்தால் ஒரு மணி நேரத்திலும் முடியலாம். மெதுவான இணைப்பில் அரை நாள் ஆகும்.

இதனால் விளையும் நன்மைகளுள் தமிழர்க்குச் சிறப்பாக உரியது ஒன்று உண்டு. நம் கந்தோர்களிலே தமிழைத் தட்டெழுதும் முறை ஒன்றாக இல்லை. ஒருவர் பாமினி எழுத்துருவில் எழுதுவார். மற்றவர் யுனிகோட் முறையில் எழுதுவார். பாமினியில் எழுதிய கடிதம் அவ்வெழுத்துரு இல்லாத கணினியைச் சேர்ந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சியளிக்கும். எல்லாக் கணினிகளிலும் யுனிகோட் எழுத்துருக்களும், இலங்கையிற் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை ஒழுங்கும் இருத்தல் வேண்டும் என்று முகிலிலே ஒருமுறை எழுதி வைத்தாற் போதும். கொழும்பிலும் வெள்ளாங்குளத்திலும் ஒரே தமிழ் தோன்றும்.

ஆயத்தஞ் செய்வதோடு வேலை முடிவதில்லை. விண்டோஸ் கணினி ஏறத்தாழ எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முகிலோடு தொடர்புகொண்டு, புதிய கட்டளை உண்டா என வினவும். இற்றைப்படுத்தல்களும் அவ்வழியே ஒழுங்கு செய்யப்படுகின்றன. இவற்றைச் சிலர் தொல்லை என்று ஒத்திவைப்பர். 2017 மார்ச்சு 14 ஆந் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோசில் இருந்த ஓர் ஓட்டைக்கு அடைப்பு வெளியிட்டது. அவ்வாண்டு மே 12 ஆந் திகதி வொனாகிறை என்னும் தீநிரல் அதே ஓட்டையின் வழியாகப் புகுந்து, நூற்றைம்பது வரையான நாடுகளிலே கணினிகளைப் பூட்டி மீட்புப்பணம் கேட்டது. பிரித்தானியாவின் அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் நோயாளர் திருப்பி அனுப்பப்பட்டனர். அடைப்பு கைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியும் அதைப் பூசாதிருந்தவர்களே பெரும்பாலும் அகப்பட்டனர். ஒவ்வொருவரும் தாமாகப் பூசுவார் என்று விட்டுவிடாது, முகிலிலிருந்து கட்டாயமாகப் பூசுவித்தல் இத்தகைய தீங்கைப் பெரிதுங் குறைக்கும்.

இனி, எளிதில் ஏமாந்துபோகக்கூடிய ஓர் இடம் உண்டு. முகில் முகாமை கணினியைக் காப்பதா, கணினியிலுள்ள ஆவணத்தைக் காப்பதா? இரண்டும் ஒன்றெனப் பலர் கருதுகின்றனர். அவை வேறு வேறு. பழுதுபட்ட கணினியைத் துடைத்துப் புதிதாக்கி, மென்பொருள்களை மீண்டும் பதித்துத் தருவது இம்முறைக்கு எளிது. எழுதுவினைஞர் நேற்று எழுதிய காணிக் கடிதத்தை அது தாராது. அக்கடிதத்துக்குத் தனியே காப்புப் பிரதி இருந்தாலன்றி அது போனது போனதுதான். கோப்புக்களை முகிலோடு ஒத்திசைத்து வைப்பதும் முழுக் காப்பாகாது. இங்கே அழித்தால் அங்கும் அழிந்து, குறித்த சில நாட்களுக்குள் மீட்காவிடின் மறைந்துபோகும்.

வன்னிப் பெருநிலத்திலே இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. யுத்தத்தின்போது ஊர்விட்டு ஊர் பெயர்ந்த மக்கள் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்து, பின்னர் ஒவ்வொரு படியாக ஏறி இறங்கியதை அறியாதவர் அங்கே இல்லை. ஒரு தாள் தொலைந்தால் ஒரு குடும்பத்தின் உரிமையே கேள்விக்குள்ளாகும் என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டவர்கள்.

நமது நாட்டிலேயே இதற்கு ஒரு பேருதாரணம் நிகழ்ந்துள்ளது. அரசாங்கத் திணைக்களங்களின் மின்னஞ்சல், தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவராண்மை நடத்திய இலங்கை அரசாங்க முகிலிலே வைக்கப்பட்டிருந்தது. 2023 ஓகஸ்ட் 26 ஆந் திகதியளவில் மீட்புப்பணத் தீநிரல் அதனுட் புகுந்தது. அரசாங்க முகவரிகள் ஐயாயிரம் வரை பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. தினந்தோறும் எடுக்கப்பட்ட காப்புப் பிரதிகளும் அதே தொகுதியோடு இணைந்திருந்தமையால் அவையும் பூட்டப்பட்டன. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அங்கே பயன்பட்ட மின்னஞ்சல் மென்பொருள் 2013 ஆம் ஆண்டினது. அதற்கான ஆதரவை அதன் உற்பத்தியாளர் 2023 ஏப்பிரல் மாதத்திலேயே நிறுத்திவிட்டார். 2021 இலிருந்தே அதை மாற்ற எண்ணியிருந்தும், பணமின்மையாலும் பிற முடிவுகளாலும் அது தாமதமாயிற்று என்று கூறப்பட்டது. முகில் என்ற பெயர் இருந்தமையால் அது தானாகக் காக்கப்படவில்லை என்பதைக் காண்க.

கட்டுக்கரைக்குளத்தை மன்னார் மக்கள் அறிவர். தேக்கத்திலே மறிக்கப்படும் அருவியாற்று நீர் வாய்க்கால் வழியாக அக்குளத்தை நிரப்பி, அங்கிருந்து சிறு குளங்களுக்கும் வயல்களுக்கும் பாய்கின்றது. துருசை உரிய வேளையிற் றிறந்தால் எல்லா வயலும் விளையும். அணை உடைந்தால் எல்லா வயலும் ஒரே நாளில் அழியும். முகில் முகாமையும் இத்தன்மையதே. 2024 யூலை 19 ஆந் திகதி குரௌட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் பிழையான ஓர் இற்றைப்படுத்தலை உலகெங்கும் அனுப்பிவிட்டது. ஒன்றரை மணி நேரத்துள் அது மீளப்பெறப்பட்டது. எனினும் அதற்குள் எண்பத்தைந்து இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன என மைக்ரோசொப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகள் தடுமாறின. ஆகையினாற்றான் அறிந்த முகாமையாளர் எந்த இற்றைப்படுத்தலையும் முதலிற் சில கணினிகளுக்கு மட்டும் அனுப்பி, இரண்டொரு நாள் பார்த்த பின்பே மற்றவற்றுக்கு விடுவர்.

அந்நாளிலே தெரியவந்த இன்னொன்று வெள்ளாங்குளத்துக்கு மிகப் பொருந்தும். எழுந்திருக்கவே முடியாத கணினியிடம் முகில் பேச முடியாது. பல இடங்களில் ஒரு மனிதன் நேரிற் சென்று, ஒவ்வொரு கணினியாகத் திருத்த வேண்டியிருந்தது. மறைகுறியாக்கப்பட்ட கணினியாயின், நாற்பத்தெட்டு இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியையும் பிழையின்றி இட வேண்டும். தொலைதூரத்தை வெல்வதற்கென வந்த முறை, தவறிய வேளையிற் பழைய தெருவையே நம்ப நேர்ந்தது.

மின்சாரமும் பணமும் வேறு. 2022 மார்ச்சு இறுதியில் நாட்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. எரிபொருள் இன்மையால் தொழினுட்ப உத்தியோகத்தரும் பயணஞ் செய்ய இயலாத அக்காலத்தில், தொலைவிலிருந்து கணினியைச் செப்பனிட முடிந்தவர்களுக்கு அது பேருதவி. மின்னே இல்லாத நேரத்தில் எவருக்கும் உதவியில்லை. இச்சேவைகள் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று பெரும்பாலும் டொலர்க் கணக்கிற் பெறப்படுபவை. ரூபாவின் பெறுமதி வீழ்ந்தால் கட்டணம் ஏறும். கட்டணம் நின்றால் முகாமையும் நிற்கும்.

ஊழியரின் அச்சம் ஒன்றையுங் கூற வேண்டும். கந்தோர்க் கணினியில் எந்த மென்பொருள் உண்டு, இற்றைப்படுத்தல் ஆயிற்றா என்பவற்றை முகாமையாளர் காண்பார். தேவையாயின் முழுவதையும் துடைத்தும் விடுவார். தொலைந்த மடிக்கணினிக்கு இது நல்ல காவலே. ஆயினும் அது மீண்டும் இணையத்தைத் தொடும்வரை அக்கட்டளை அதைச் சேராது. ஊழியரின் சொந்தக் கைத்தொலைபேசியை இம்முறையிற் சேர்ப்பதாயின், எதைக் காண்பர், எதைத் துடைப்பர் என்பதை முன்னரே எழுத்தில் அவருக்கு அறிவித்தல் கடமை.

ஆறு கணினி உள்ள ஒரு கந்தோர் செய்யத் தக்கவை எளியவை. முக்கிய ஆவணங்களை வாரந்தோறும் ஒரு வெளித் தட்டில் எடுத்து, எடுத்து முடிந்ததும் அதைக் கணினியிலிருந்து கழற்றிப் பெட்டகத்திற் பூட்ட வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை அத்தட்டிலிருந்து ஒரு கடிதத்தை மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பாராத காப்புப் பிரதி இருக்கின்றதா என்பதே ஐயம். முகாமை செய்யும் அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கணினியிலன்றிச் சுவரிலே எழுதி வைத்தல் நன்று. எழுதுவினைஞருள் ஒருவராவது, மறுமுனையில் ஒருவர் இலக்கம் இலக்கமாகச் சொல்ல, அந்த நாற்பத்தெட்டையும் பிழையின்றித் தட்டப் பழகியிருத்தல் வேண்டும்.