‘வெறுங்கால்’ என்று பெயர் வைத்த ஜவுளிக்கடை

தீபாவளிக்கு ஜவுளி எடுக்க வேண்டுமென்றால் முடிச்சூர் சாலைக் குடும்பங்கள் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் போய் இறங்குகின்றன. இது நம் பகுதித் துணிக்கடை அன்பர்களின் நெடுநாள் குறை. அங்கே உள்ள சரக்குதான் இங்கேயும் இருக்கிறது என்கிறார்கள். குறையே அதுதான் என்று எனக்குப் படுகிறது. கொழும்பில் ஒரு பெண்மணி நடத்திய துணி வியாபாரத்தைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

அவர் பெயர் பார்பரா சன்சோனி. 1928இல் கண்டியில் பிறந்தவர்; டச்சுக்காரர் வழிவந்த பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். பள்ளிப் படிப்பு நம் கொடைக்கானல் பிரசன்டேஷன் கான்வென்டில். பிறகு லண்டன் சென்று ரீஜன்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கிலும் செல்சி கலைப் பள்ளியிலும் பயின்றார். படித்தது ஓவியம், நெசவு அல்ல.

1950களின் இறுதியில் இலங்கையில் குட் ஷெப்பர்டு சபைக் கன்னியாஸ்திரீகள் ஆதரவற்ற பெண்களுக்குத் தறி நெய்யக் கற்றுக் கொடுத்து வந்தார்கள். அந்தத் துணிகளுக்கு வடிவமைப்புச் செய்து தரும்படி ஐரிஷ் நாட்டுத் தலைமைச் சகோதரி ஒருவர் சன்சோனியைக் கேட்டார். நல்ல காரியம்தான். ஆனால் தர்மத்துக்காக வாங்குகிறவர் ஒரு முறைதான் வாங்குவார். மறுபடி படியேற வைப்பது சரக்கு மட்டுமே. கடையில் உட்கார்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கைத்தறியில் பூவும் மயிலும் போட ஜக்கார்டு பொறி வேண்டும், செலவு கூடும். கோடும் கட்டமும் போட அது வேண்டாம். கோட்டுக்குப் பாவு ஓட்டும்போதே நூலின் நிற வரிசையை மாற்றினால் போதும்; கட்டத்துக்கு ஊடையிலும் மாற்ற வேண்டும். பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறு நிறமும் கொடுத்தால் மூன்றாவதாக ஒரு நிறம் மின்னும். நம் நெசவாளர்களின் ‘மயில்கழுத்து’ அப்படி வருவதுதான். சன்சோனி பிடித்துக்கொண்டது இந்த எளிய வழியை. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ரோஸ், நீலத்துக்குப் பக்கத்தில் பச்சை என்று, சேராது என நாம் ஒதுக்குகிற நிறங்களைத் துணிந்து சேர்த்து வைத்தார். நூல் பழைய பருத்தி நூல்தான், தறியும் பழைய தறிதான். ஆனால் துணியைத் தூரத்தில் பார்த்தாலே யாருடையது என்று தெரிந்தது.

1964இல் ‘பேர்ஃபுட்’, அதாவது வெறுங்கால், என்ற பெயரில் நிறுவனம் தொடங்கியது. சேலை, சாரம், மேஜை விரிப்பு, பை, குழந்தைகளுக்கான துணிப் பொம்மை என்று சரக்கு பெருகியது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கட்டடங்களுக்குள்ளும் இந்தத் துணிகள் நுழைந்தன. இடையில் பழைய விகாரைகளையும் வீடுகளையும் வரைந்து பத்திரிகையில் எழுதியும் வந்தார் சன்சோனி. அது தனிக் கதை.

உண்மையான சோதனை 1977இல் வந்தது. அதுவரை இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடுகளை இலங்கை அரசு தளர்த்தியது. வெளிநாட்டு மலிவுத் துணி வந்து குவிந்தது. கைத்தறிக் கூடங்கள் பல மூடப்பட்டன. மலிவுத் துணியோடு மலிவுத் துணியாகப் போட்டியிட்டவர்கள் நிற்க முடியவில்லை. பேர்ஃபுட் நின்றது. 1983 கலவரமும் அதன்பின் நீண்ட போரும் சுற்றுலாக்காரர் வரவைக் குறைத்தன. அதையும் தாண்டியது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் துணி விலை அதிகம். ஏழை எளியவர் வாங்குவதல்ல. அதே விலைச்சீட்டை ஒட்டி முடிச்சூரில் வைத்தால் நாம் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் கோடும் கட்டமும் போட்ட துண்டும் லுங்கியும் நம்மிடமும் விற்கின்றன. எந்த நிறம் முதலில் தீர்கிறது, எது வருடக்கணக்கில் அலமாரியில் தூங்குகிறது என்ற கணக்கு நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது? அந்தக் கணக்கோடு போய் நெசவாளரிடம் நூறு துண்டுக்குத் தனி நிறம் சொல்லிப் பாருங்கள். அந்தத் துண்டு ரங்கநாதன் தெருவில் கிடைக்காது.

சன்சோனி 2022இல் காலமானார். கடைப் பொறுப்பு அதற்கு முன்பே அவர் மகன், புகைப்படக் கலைஞர் டொமினிக் சன்சோனியின் கைக்கு வந்திருந்தது. கொழும்பு போகிற உறுப்பினர்கள் காலி வீதியில் அந்தக் கடையைப் பார்க்கலாம், எண் 704.