ஆம்பளப் பையனுக்கு என்ன ஆகிவிடும்?

வேடசந்தூர்ப் பக்கமிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் படிக்க வரும் பையன் ஒருநாள், "அந்த எட்டு மணி பஸ் வேணாம்" என்கிறான். ஏன் என்றால் பதில் இல்லை. புத்தகப் பையை முதுகில் மாட்டாமல், இடுப்புக்குக் கீழே இறக்கி, முன்பக்கம் அணைத்தபடி நிற்கப் பழகியிருக்கிறான். நெரிசலில் ஒரு கை தினமும் அவனைச் சீண்டுவதை வாய்விட்டுச் சொன்னால், "ஆம்பளப் பையன்தானே, ஒரு அறை விட வேண்டியதுதானே" என்போம். அதற்குப் பிறகு அவன் எதையும் சொல்ல மாட்டான்.

மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேல் பையன்கள்.

2012-ல் வந்த போக்சோ சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகளே. ஆண், பெண் பேதமில்லை. பாலியல் நோக்கத்தோடு தொட்டாலே 3 முதல் 5 ஆண்டு சிறை. தொட்டவர் ஆசிரியரோ விடுதிக் காப்பாளரோ சொந்தக்காரரோ என்றால் 5 முதல் 7 ஆண்டு. விஷயம் தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதும் குற்றம். 'பள்ளிப் பேர் கெட்டுவிடும்' என்று மூடி மறைக்கும் நிர்வாகிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்நேரமும் அழைக்கலாம். நம் ஊரில் போக்சோ வழக்குகளைப் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையம்தான் விசாரிக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்துப் பையனின் அப்பா வாசலில் தயங்க வேண்டாம். வீட்டிலேயே வைத்து வாக்குமூலம் வாங்கச் சொல்லலாம். வரும் போலீஸ் சீருடையில் இருக்கக்கூடாது. சம்பவத்தன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவாகும் முன்பே மருத்துவப் பரிசோதனை செய்யலாம்.

பதினெட்டு முடிந்தவனின் நிலைதான் வேதனை. பணியிடப் பாலியல் தொல்லைக்கான 2013 சட்டத்தில் பெண்கள் மட்டுமே புகார் தர முடியும். ஆணை வல்லுறவு செய்தவரைத் தண்டிக்க இருந்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ம் பிரிவும் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இல்லை. அடித்தார், அடைத்து வைத்தார், மிரட்டினார் என்றுதான் அவன் புகார் எழுத வேண்டியிருக்கிறது. படம் எடுத்து மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930 இருக்கிறது. கல்லூரி மாணவன் என்றால், யு.ஜி.சி. 2016-ல் வெளியிட்ட பாலியல் தொல்லைத் தடுப்பு விதிகள் ஆண்களையும் சேர்த்தே பேசுகின்றன.

ஆடை ஆலைப் பெண்கள் துணிந்து பேசியதால்தான் 2022-ல் ஆலையில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது. ஆனால், நைட் ஷிப்டில் மேஸ்திரியிடம் சிக்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு, நடந்ததை அதன் பெயரிலேயே எழுதிக்கொடுக்க ஒரு சட்டப்பிரிவை நாடாளுமன்றம் இன்னும் தரவில்லை.