நோயாளியின் கஞ்சியும் தோட்டத்து அடுப்பும்

வலப்பனைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் காய்ச்சல் கண்டவருக்கு முதலிற் கிடைப்பது மல்லித்தண்ணீரும் கஞ்சியுமேயாகும். பழக்கத்தினாற் செய்யப்படும் இக்கைமருந்தின் பின்னணியில் நீண்டதொரு மருத்துவ மரபு உண்டு. சரக சங்கிதையின் சூத்திரத்தானம், இரண்டாம் அத்தியாயத்தில், 28 வகையான கஞ்சிகளை எடுத்துரைக்கின்றது. பிற்காலத்ததாகிய சார்ங்கதர சங்கிதையோ நீரின் அளவைக் கொண்டு கஞ்சியைப் பாகுபடுத்துகின்றது. அரிசியைப் போல் 14 மடங்கு நீரில் வேகவைத்து வடித்த தெளிவு மண்டம் எனப்படும். 4 மடங்கு நீரிற் குழைய வெந்தது விலேபி. பசி மீளமீள நோயாளி நீர்த்ததிலிருந்து தடித்ததற்கு ஏறவேண்டும் என்பதே இப்பாகுபாட்டின் உட்கருத்து.

நவீன மருத்துவம் இதனை முற்றாக மறுக்கவில்லை. வயிற்றோட்டத்தின்போதுங்கூடச் சிறுகுடல் குளுக்கோசையும் சோடியத்தையும் ஒருங்கே உறிஞ்சுகின்றது. அவற்றுடன் நீரும் உட்செல்கின்றது. வாய்வழி நீரேற்றக் கரைசலின் அடிப்படை இதுவே. அரிசியின் மாப்பொருள் குடலிற் சிறிது சிறிதாகக் குளுக்கோசாக மாறுகின்றமையால், குளுக்கோசுக்குப் பதிலாக அரிசிமாவைச் சேர்த்த கரைசல்கள் 1980களில் டாக்காவில் வாந்திபேதி நோயாளரிடம் பரிசோதிக்கப்பட்டு நற்பயன் தந்தன. எனினும் உப்பிடாத கஞ்சி இவ்வேலையைச் செய்யாது. காய்ச்சற்காரருக்கு உப்பே ஆகாது என்று விலக்கும் வீடுகள் இன்றும் உள்ளமையால் இதனை அழுத்திக் கூறுகின்றோம்.

செய்முறை எளியது. ஏறத்தாழ 50 கிராம் அரிசியையும் 25 கிராம் பாசிப்பயற்றையும் வெறுஞ்சட்டியில் இளஞ்சிவப்பாக வறுத்து, அம்மியிலோ உரலிலோ நொய்யாக உடைத்துக்கொள்ளவேண்டும். ஒரு லீற்றர் தண்ணீர் கொதித்ததும் அதனை இட்டு, தட்டிய இஞ்சித்துண்டு, இரண்டு பல் உள்ளி, சிறிது சீரகம், நாலைந்து மிளகு ஆகியன சேர்த்து, பருக்கை விரலிடையே நசுங்கும்வரை வேகவிடவேண்டும். உப்பை இறுதியிற் சேர்க்கலாம். வயிற்றோட்டம் உள்ளவருக்கு மிளகைத் தவிர்ப்பது நன்று. வறுத்தால் சமிபாடு இலகுவாகும் என்பர் வைத்தியர். நாம் இங்கு வேறொரு பயனையும் காண்கின்றோம். கடல்மட்டத்திலிருந்து 1800 மீற்றருக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகின்றது. இராகலை போன்ற உயரமான இடங்களிலும் நிலைமை இதுவே. முழு அரிசி அங்கு வேக நேரம் பிடிக்கும். நேரம் என்பது விறகு. விறகு என்பது வேலை முடித்து வந்த பெண்ணின் தலைச்சுமை. உடைத்த அரிசி விரைவில் வெந்துவிடும்.

காய்ச்சல் தணிந்தபின் கஞ்சியைத் தடிப்பாக்கி, வல்லாரையை அரைத்துப் பிழிந்த சாற்றை இறக்கும் தறுவாயிற் கலந்து கொடுக்கலாம். அயலிலுள்ள சிங்களக் கிராமங்களின் கொளகெந்தவும் இதுவேயன்றி வேறன்று. யாழ்ப்பாணத்து இலைக்கஞ்சியும் இவற்றுக்கு உறவுடையதே. மொழியாற் பிரிந்து நிற்போர் அடுப்படியில் ஒன்றுபட்டிருப்பதை நமது பண்பாட்டாய்வாளர் போதிய அளவு கவனித்தாரல்லர். கஞ்சி குடித்த கையோடு சாயத்தண்ணீர் அருந்துவது மட்டும் தவிர்க்கப்படவேண்டும். தேயிலையின் துவர்ப்புப்பொருள் இலையிலும் பயற்றிலுமுள்ள இரும்புச்சத்தின் உறிஞ்சலைத் தடுக்கின்றது. இரத்தச்சோகை மிகுந்த தோட்டப் பெண்களிடையே இது சிறு விடயமன்று. ஒரு மணி நேரமாவது கழியட்டும். கஞ்சியில் தேசிக்காய் பிழிந்தால் உறிஞ்சல் கூடும்.

ஆயினும் கஞ்சியைப் புகழுமிடத்து நாம் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். தோட்டத்து முதியோரிடம் கஞ்சி என்றால் அவர்கள் நினைவுக்கு வருவது வைத்தியம் அன்று. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் அரிதாகிப் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த காலமே அவர்கள் மனத்தில் எழுகின்றது. 14 மடங்கு நீர் என்பது நோயாளிக்கு மருத்துவரின் விதி. இல்லாதவருக்கு அதுவே வறுமையின் விதி. நீர்த்த கஞ்சி ஓரிரு நாட்களுக்கே உரியது. அதனையே வாரக்கணக்கிற் குழந்தைக்கு ஊட்டினால் வயிறு நிறையும். புரதமும் கொழுப்பும் கிட்டாது, உடல் மெலியும். வாய் உலர்ந்து, கண் குழிந்து, சிறுநீர் குறைந்த பிள்ளையைக் கஞ்சியை நம்பி லயத்தில் வைத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

எல்லா நூல்களும் கஞ்சியோடு ஓய்வையும் விதிக்கின்றன. மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாத நாட்கூலி முறையிலோ, காய்ச்சல் விட்ட மறுநாட் காலை, பேயாக்கும் விலேபிக்கும் இடைப்பட்ட கட்டத்திலேயே, அவள் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறுகின்றாள்.