சாவி இல்லாத கார், சர்வர் சொன்ன பேச்சு!

சர்வர் என்றால் என்ன, அக்கவுண்ட் எதற்கு, பாஸ்வேர்டை நண்பனுக்குக் கொடுத்தால் என்ன தப்பு? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கும் இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரு கார் பயணத்தை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

ஆபீஸ் வேலையாக ஜெர்மனியின் பெர்லின் நகருக்குப் போயிருந்தேன். அங்கேயே வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பனுடன் ஒருநாள் முழுக்க மியூசியங்களைச் சுற்றினேன். சொந்தக் கார் கிடையாது, டாக்ஸியும் இல்லை. எல்லாம் ‘கார் ஷேரிங்’ வண்டிகள். தெருவில் நிற்கும் காரை மொபைலில் திறந்து, ஓட்டிப்போய், வேறொரு தெருவில் விட்டுவிடலாம். ஜெர்மனியின் உல்ம் நகரில் 2008-இல் கார்2கோ இந்த முறையைச் சோதனையாகத் தொடங்கியது.

கார் எப்படித் திறக்கிறது?

ஓட்டலில் தோசை வேண்டுமென்றால் நாம் அடுப்படிக்குப் போவதில்லை, சர்வரிடம் சொல்கிறோம். இங்கேயும் அதேதான்!

1. காருக்குள் ஜி.பி.எஸ். கருவியும், சிம் கார்டு போட்ட சிறு கருவியும் இருக்கும். கார் நிற்கும் இடத்தை அவை நிறுவனத்தின் சர்வருக்குச் சொல்கின்றன.
2. நம் மொபைல் அந்தச் சர்வரைக் கேட்டு, பக்கத்தில் உள்ள கார்களை மேப்பில் காட்டுகிறது.
3. ‘திற’ பட்டனைத் தொட்டதும் சர்வர் நம் அக்கவுண்ட்டைச் சரிபார்த்து, காருக்குக் கட்டளை அனுப்புகிறது. கதவு திறக்கும்.
4. அனுமதித்த எல்லைக்குள் நிறுத்தி ‘முடி’ என்றால் கதவு பூட்டி, பணம் கழியும். சில நிறுவனங்களில் நிமிடக் கணக்கு, சிலவற்றில் கிலோமீட்டர் கணக்கு.

ஆக, சிக்னல் இல்லாத அடித்தள பார்க்கிங்கில் வண்டியை விட்டால் பயணத்தை முடிக்க முடியாமல் போகலாம். அதுவரை மீட்டர் ஓடும்! ஜி.பி.எஸ்-ஸும் எப்போதும் துல்லியமாக இருக்காது. உயரமான கட்டடங்களில் பட்டு எதிரொலிக்கும் சிக்னல் இடத்தைச் சில மீட்டர் மாற்றிக் காட்டும். எங்களுக்கு ஒரு வண்டி மேப்பில் ஒரு தெருவில் தெரிந்தது, உண்மையில் நின்றதோ அடுத்த தெருவில்!

176 பைட் அதிசயம்

முதலில் மியூசியம் தீவு. போரில் சிதைந்து 2009-இல் மறுபடி திறக்கப்பட்ட நோயஸ் மியூசியத்தில், எகிப்தில் 1912-இல் கிடைத்த நெஃபர்டிட்டி சிலை இருக்கிறது. பக்கத்திலுள்ள பெர்கமோன் மியூசியம் 2023 அக்டோபரில் சீரமைப்புக்காக முழுவதும் மூடப்பட்டது. போகிறவர்கள் திறப்பு விவரத்தை இன்டர்நெட்டில் பார்த்துவிட்டுப் போங்கள்.

அங்கிருந்து சுமார் 4 கி.மீ. தூரத்தில் ஜெர்மன் டெக்னிக் மியூசியம். கம்ப்யூட்டர் பிரியர்கள் தவறவிடக்கூடாத இடம். கொன்ராட் சூசே 1930-களில் பெர்லினில் தன் பெற்றோர் வீட்டிலேயே Z1 என்ற இயந்திரத்தைச் செய்தார். மெல்லிய உலோகத் தகடுகள் நகர்ந்து பைனரி கணக்குப் போடும்! போரில் அழிந்த அதை 1980-களில் அவரே மறுபடி உருவாக்கினார். அதைத்தான் இங்கே பார்க்கிறோம். 1941-இல் அவர் முடித்த Z3-இன் மெமரி 64 சொற்கள், ஒவ்வொன்றும் 22 பிட். மொத்தம் 176 பைட்தான். யூனிகோட் யு.டி.எஃப்-8 முறையில் ‘அ’ என்ற ஓர் எழுத்துக்கே 3 பைட் வேண்டும். அப்படியானால் இந்தப் பாராவைக்கூட அதில் வைக்க முடியாது!

“நான் ஓட்டட்டுமா?”

மாலையில் கம்ப்யூட்டர் கேம்ஸ் மியூசியத்துக்குக் கிளம்பும்போது, “இந்த வண்டிய நான் ஓட்டட்டுமாடா?” என்றேன்.

“வேணாம்டா. அக்கவுண்ட் என் பேர்ல இருக்கு. நீ ஓட்டி எங்கயாவது இடிச்சா இன்ஷூரன்ஸ் கைவிட்டுடும். மொத்த நஷ்டமும் என் தலையிலதான்” என்றான்.

அவன் சொன்னதே சரி. லைசென்ஸைச் சரிபார்த்துத்தான் அக்கவுண்ட் தருகிறார்கள். ஸ்டியரிங் யார் கையில் என்பது சர்வருக்குத் தெரியாது. அக்கவுண்ட் யாருடையது என்பதுதான் தெரியும். உங்கள் ஈ-மெயில், வங்கிக் கணக்கு எல்லாமே இப்படித்தான். பாஸ்வேர்டைக் கொடுப்பது வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போல.

இரவு அவன் லேப்டாப்பில் அக்கவுண்ட்டைத் திறந்தால், எங்கே ஏறினோம், எங்கே இறங்கினோம், எத்தனை மணிக்கு என்று நாள் முழுவதும் பட்டியலாக இருந்தது. யாராவது பாஸ்வேர்டைத் திருடினால் நம் நடமாட்டம் முழுக்க அவர் கையில்! ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, தன்னைப் பற்றிய தகவல்களின் நகலை நிறுவனத்திடம் கேட்கலாம், அழிக்கவும் கோரலாம். இந்தியாவிலும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

எனவே மறக்காதீர்கள்:

* ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு வையுங்கள்.
* ஓ.டி.பி-யை யாருக்கும் சொல்லாதீர்கள்.
* அடுத்தவர் கம்ப்யூட்டரில் வேலை முடிந்ததும் லாக்-அவுட் செய்யுங்கள்.
* வாடகைக் காரை எடுக்கும் முன் கீறல், நசுங்கல் இருந்தால் படம் எடுத்து ஆப்பிலேயே பதிவு செய்யுங்கள்.