உலகக் கோப்பையை வென்றவருக்கு அந்த ஆட்டமே நினைவில் இல்லை!

2003 நவம்பர் 22, சிட்னி. ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் 17-17 எனச் சமநிலை. கூடுதல் நேரமும் முடியப்போகிறது. எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்ற ஸ்டீவ் தாம்சன், பந்தைத் தலைக்கு மேல் தூக்கி நீளமாக எறிகிறார். வரிசையின் கடைசியில் இருந்த லூயிஸ் மூடி தாவிப் பிடிக்கிறார். அங்கிருந்து கை மாறி, கை மாறி ஜானி வில்கின்சனிடம் வருகிறது பந்து. அவர் உதைக்க, 20-17. கோப்பை இங்கிலாந்துக்கு!

வில்கின்சனின் அந்த உதையை ரக்பி ரசிகர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால், அந்தப் பந்தை எறிந்த தாம்சனுக்கு அந்த நாள் நினைவில் இல்லை. ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுக் காட்டினால், தானே ஓடுவதைப் பார்த்தும் அங்கே இருந்த ஞாபகமே வரவில்லை என்கிறார்.

2020 டிசம்பரில் தாம்சன் இதை வெளியே சொன்னபோது அவருக்கு வயது 42. மருத்துவர்கள் சொன்ன நோய், இளம் வயதிலேயே வரும் மறதி நோயான டிமென்ஷியா. சில நேரம் மனைவியின் பெயர்கூட நாக்கில் வராமல் தடுமாறுகிறார். நான்கு பிள்ளைகளின் அப்பா.

ரக்பி யூனியன் அணியில் 15 பேர். 1 முதல் 8 வரை எண் போட்டவர்கள் ஃபார்வர்டுகள். கோல் போட்டுக் கைதட்டல் வாங்கும் கால்பந்து ஃபார்வர்டோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே ஃபார்வர்டு என்றால் முட்டி மோதுகிற வேலை. 'ஸ்க்ரம்' என்று வந்தால் எட்டுப் பேரும் தோளோடு தோள் கோத்துக் குனிந்து, எதிரணியின் எட்டுப் பேரைத் தள்ள வேண்டும். ஒரு பக்கத்து எடையை மட்டும் கூட்டினாலே 800 கிலோவைத் தாண்டும். அந்த முன்வரிசையின் நடுவில், இரண்டு கைகளும் பக்கத்து வீரர்கள்மேல் மாட்டிக்கொண்டிருக்க, கழுத்தாலும் தோளாலும் அத்தனை பாரத்தையும் வாங்குகிறவர்தான் 2-ம் எண் 'ஹூக்கர்'. தாம்சன் ஆடிய இடம் அதுதான்.

ரக்பி யூனியன் சம்பளத்துக்கு ஆடும் ஆட்டமானது 1995-ல்தான். அடுத்த சில வருடங்களில் நார்த்தாம்ப்டன் கிளப்புக்கு ஆட வந்த தாம்சன், முதலில் பின்வரிசைக்காரர். ஹூக்கராக மாற்றப்பட்டு, 2002-ல் இங்கிலாந்து அணிக்குள் நுழைந்து, அடுத்த ஆண்டே உலக சாம்பியன். 2007-ல் கழுத்துக் காயம். 28 வயதில் ஓய்வு அறிவித்தார். அதோடு விட்டிருக்கலாம் என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால், பிரான்ஸின் பிரீவ் கிளப்பில் மீண்டும் களமிறங்கி, இங்கிலாந்துக்கும் திரும்பி, 2011 உலகக் கோப்பை வரை ஆடினார். அந்த ஆண்டே இன்னொரு கழுத்துக் காயம் ஆட்டத்தை மொத்தமாக முடித்தது. மொத்தம் 73 சர்வதேசப் போட்டிகள்.

மயங்கி விழவைக்கும் பெரிய அடி மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். தாம்சன் கை காட்டுவது பயிற்சியை. எடை ஏற்றிய ஸ்க்ரம் இயந்திரத்தை வாரம் முழுக்க முட்டிக்கொண்டே இருந்த வருடங்கள் அவை. ஒவ்வொன்றும் சின்ன அடிதான். தலை குலுங்கும்போது மண்டையோட்டுக்குள் மூளையும் குலுங்குகிறது, அவ்வளவுதான். அதுவே ஆயிரக்கணக்கில் சேர்ந்தால்? தங்களைப் பாதுகாக்கத் தவறினார்கள் என்று ரக்பி அமைப்புகள்மீது தாம்சனும், வேல்ஸின் அலிக்ஸ் பாப்பம் உள்ளிட்ட முன்னாள் வீரர்களும் சட்ட நடவடிக்கையில் இறங்கினார்கள்.

ஆட்டமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஸ்க்ரமில் தூரத்திலிருந்து பாய்ந்து மோதாமல், முதலில் பிடித்துக்கொண்டு பிறகு தள்ளும் விதி வந்தது. தலையில் அடிபட்டவரை வெளியே அழைத்துச் சோதிப்பது பெரிய போட்டிகளில் கட்டாயமானது.

நமக்கு எதற்கு இந்தக் கதை என்கிறீர்களா? 2025 ஜூனில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் கோப்பை வென்றது 'சென்னை புல்ஸ்'. அது ஏழு பேர் ஆடும் வகை, ஸ்க்ரமில் மூன்று பேர்தான். ஆனாலும் மோதல் மோதல்தானே! ரக்பியை விடுங்கள், திருநின்றவூர், திருவள்ளூர் பக்கம் மண் தரையில் கபடி ஆடும் பையன்களுக்கும் தலையில் அடிபடும். "ஒண்ணும் இல்லடா, எழுந்து ஆடு" என்பதுதான் நம் ஊர் முதலுதவி.

அடிபட்டபின் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது என்று ஏதாவது இருந்தால், அன்று ஆட்டம் அவ்வளவுதான். பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். நினைவு தப்பாவிட்டாலும் மூளை அதிர்ந்திருக்கலாம்.

தாம்சனின் மூளைக்குள் இருப்பது, திரும்பத் திரும்ப வாங்கிய அடிகளால் வரும் சி.டி.இ. என்ற பாதிப்பாக இருக்கலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். உயிரோடு இருக்கும்போது அதை உறுதி செய்ய வழியில்லை. இறந்த பிறகு மூளையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். 2021-ல், தன் மூளையை அந்த ஆராய்ச்சிக்குத் தானம் தருவதாக தாம்சன் எழுதிக் கொடுத்துவிட்டார்.