மணவிழாத் தகடு எழுதும் முறை

நெட்டப்பாக்கம் முதலிய புதுவைச் சிற்றூர்களில், பிரான்சு நாட்டில் உறவினரை உடைய குடும்பங்கள் பல. மணவிழாவை டி.வி.டி. தகட்டிற் பதிந்து அவர்க்கு அனுப்பக் கருதுவோர் இரண்டு காரியங்களை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, படத்தின் அமைப்பு. தகட்டிற்குரியது எம்பெக்-2 என்னும் சுருக்குமுறை. கணினியிலுள்ள படக்கோப்பை அவ்வாறே எழுதின், பழைய கருவிகள் பல அதனை ஏற்கமாட்டா. இந்தியாவிற்கும் பிரான்சிற்கும் பொருந்துவது 576 வரியும் விநாடிக்கு 25 படமுமாம். அமெரிக்காவிலோ 480 வரியே வழக்கு.

இரண்டாவது, எழுதும் வேகம். ஒரு மடங்கு வேகமாவது விநாடிக்கு ஏறக்குறைய 1.39 மெகாபைட். அவ்வேகத்தில் 4.7 கிகாபைட் தகடு நிரம்ப ஒரு மணி நேரத்தையொட்டி ஆகும்; 16 மடங்கிலோ சில நிமிடங்களே. லேசர் ஒளி தகட்டின் சாயப்படலத்தைச் சுட்டு அடையாளம் இடுகின்றது. மிகு வேகத்தில் அடையாளம் பிழைபடலாம். ஆயினும் மிக மெதுவாக எழுதுதலும் நன்றன்று. விரைவிற்கென அமைந்த சாயம் அதற்கு இசையாதொழியும். ஆதலின் தகட்டிற் குறித்த எல்லைக்குட்பட்ட நடுத்தர வேகமே தக்கது.

சாயமும் காலத்தால் மங்கும். மங்கலநாண் பூட்டுங் கணமோ மீண்டும் வாராது. ஆகவே மூலப்படத்தைப் பிறிதோரிடத்தும் காத்து வைத்தல் நம் கடனாம்.